வறுத்த உப்பு

1

போன கப்பலில் என் தங்கச்சி லூர்தம்மாளிடமிருந்து கடிதம் வந்தது. அவள் கடிதத்தில் எப்போதும் மழை இருக்கும், ஆட்டுக்குட்டி இருக்கும், யார் வீட்டில் கல்யாணம், யார் வீட்டில் சண்டை என்பது இருக்கும். இந்தத் தடவை நடுவில் நாலு வரி வேறு மாதிரி இருந்தது. "அக்கா, எங்க வீட்டுக்காரருக்குப் பிரஷர் இருக்குன்னு டாக்டர் சொல்லிட்டார். உப்பை நிறுத்தணுமாம். நீ கவலைப்படாதே. நான் உப்பை நல்லா வறுத்துத்தான் குழம்புல போடுதேன்."

நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். ஒரு கடிதம் படித்து முடிக்க எனக்கு ஒரு உலை சோறு வேகிற நேரம் ஆகும். ஆனால் அந்தக் கடைசி வரியை எழுத்துக் கூட்டாமலே படித்துவிட்டேன். பதினாலு வருஷத்துக்கு முன்னால் நானே சொன்ன வார்த்தை அது.

இந்த அந்தமானிலிருந்து கடிதம் எழுதினால் அடுத்த கப்பலுக்குத்தான் போகும். அதனால் அன்றைக்கே பஸ் ஏறிப் போய்த் தந்தி கொடுத்தேன். தபாலாபீஸில் ஒரு வங்காளித் தம்பி. நான் தந்தி என்றதும் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, யார் காலமானார்கள் மாஜி என்று இந்தியில் கேட்டான். என்னுடைய இந்தி மீன்காரியிடம் பேரம் பேசுகிற இந்தி. "யாரும் சாகலை, நமக்" என்றேன், உப்புக்கு இந்தியில் அதுதான் பெயர். "நமக்கா?" என்றான். "ஆமா, நமக். வறுத்தாலும் போடாதேன்னு எழுது" என்று கையால் சட்டியில் வறுத்துக் காட்டினேன். அவனும் இங்கிலீஷ் எழுத்தில் எதையோ எழுதி அனுப்பினான். லூர்து தந்தியைப் பார்த்ததும் யாரோ செத்துப்போனார்கள் என்று வாசலில் உட்கார்ந்து அழுதிருப்பாள். அழட்டும். அதற்கப்புறம் சட்டியை இறக்கி வைத்தால் போதும்.

அவள் ஒருத்திக்குச் சொல்லிவிட்டேன். ஊரில் இன்னும் எத்தனை வீட்டில் எத்தனை சட்டியோ? நம் கோயில் திருவிழா மலருக்கு, கடல் தாண்டிப் போனவர்கள் எல்லாம் தங்கள் அனுபவத்தை எழுதி அனுப்புங்கள் என்று பங்குச் சாமியார் கேட்டிருக்கிறார். போன வருஷம் எழுதினவர்கள் கப்பலில் வாந்தி எடுத்ததையும் இங்கே யானை மரம் இழுப்பதையும் எழுதினார்கள். நான் உப்பைப் பற்றி எழுதுகிறேன், ஒரு நாளைக்கு நாலைந்து வரியாக.

2

உப்பைப் பற்றி எழுத நம் ஊரில் என்னைவிடத் தகுதியானவள் யார்? நான் பிறந்தது உப்பளத்தை ஒட்டின குடிசையில். அப்பா உப்பு வாரினார், அம்மா சுமந்தாள், பன்னிரண்டு வயசில் நானும் ஓலைப்பெட்டியைத் தலையில் ஏற்றினேன். ஒரு கல் உப்பை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து நசுக்கினால், அது எத்தனை நாள் வெயில் தின்றது என்று சொல்லிவிடுவேன். புது உப்பை நாங்கள் சமையலுக்குத் தொட மாட்டோம். அது கசக்கும். அம்பாரமாகக் குவித்துப் போட்டால் அந்தக் கசப்புத் தண்ணீர் அடி வழியாக வடிந்து போகும். அதற்கப்புறம்தான் அது வீட்டுக்குள் வரும். உப்புக்குள் கெட்டது ஒன்று இருக்கிறது, அதை வெளியேற்றிவிட்டால் மிச்சமெல்லாம் நல்லது. இது எங்கள் வீட்டில் தவழுகிற பிள்ளைக்கும் தெரிந்த விஷயம்.

எங்கள் வீட்டுக்காரர் தோணியில் போனவர். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு உப்பு ஏற்றிப் போகிற தோணி. அவர் பெயரை இதுவரைக்கும் வாயால் சொன்னதில்லை. எழுதினால் குற்றமில்லை என்று நினைக்கிறேன்: சவரிமுத்து. சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் கழித்து, அந்தமானில் சர்க்கார் லாஞ்சு ஓட்டுவதற்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனார். சுக்கானி வேலை கிடைத்தது. மரைன் ஹில் என்கிற மலையில் ஒரு குவார்ட்டர்ஸும் கொடுத்தார்கள். மறுவருஷம் நான் இரண்டு பிள்ளைகளோடு கப்பல் ஏறினேன்.

மற்றவர்கள் டிரங்குப் பெட்டியும் பாத்திரமும் கொண்டுவந்தார்கள். நான் ஒரு சாக்கு ஊர் உப்பும் சேர்த்துக் கொண்டுவந்தேன். சுற்றிலும் கடல் இருக்கிற தீவுக்கு உப்பு கொண்டுபோகிறாளே என்று கப்பலில் சிரித்தார்கள். வந்து பார்த்தால், இங்கே வருஷத்தில் பாதிக்கு மேல் மழை. பாத்தி கட்டினால் பாசிதான் விளையும். இங்கே கடையில் விற்கிற உப்பும் கப்பலில் வருவதுதான், அதுவும் ஈரமும் மண்ணுமாக. அப்புறம் சிரித்தவர்களே கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

அந்தக் காலத்தில் கப்பல் மாசத்துக்கு ஒன்று. காற்று அடித்தால் அதுவும் கிடையாது. வெங்காயம், உருளைக்கிழங்கு, புளி, மிளகாய், எல்லாம் அதில்தான் வரவேண்டும். வராத நாட்களுக்கு என்று எல்லா வீட்டிலும் உப்பில் போட்டு வைத்தது இருக்கும். எங்கள் வீட்டில் கொஞ்சம் அதிகமாகவே இருக்கும். சூரைக் கருவாடு, நெத்திலிக் கருவாடு, எலுமிச்சங்காய், மாங்காய், மோர்மிளகாய், கூழ்வடகம். காலையில் பழைய சோற்றுக்குச் சுட்ட கருவாடு, மத்தியானம் குழம்பு, அதற்கு ஊறுகாய், ராத்திரி மிச்சக் குழம்பைச் சுண்டவைத்தது. வங்காளி வீட்டம்மாவும் தெலுங்கு வீட்டம்மாவும் என் கருவாட்டுக்கு வாசலில் நின்றிருக்கிறார்கள். கப்பல் வராத மாசத்திலும் அந்தோணியம்மா வீட்டில் வாய்க்கு ருசியாகக் கிடைக்கும் என்று மலையில் பெயர். எனக்கும் அதில் தலை நிமிர்வுதான், பொய் சொல்லவில்லை.

3

சைனாக்காரனோடு சண்டை நடந்து முடிந்த மறுவருஷம். லாஞ்சுக்காரர்களுக்கு வருஷம் ஒரு தடவை ஆஸ்பத்திரியில் உடம்பைப் பார்ப்பார்கள். கண், காது, நெஞ்சு பார்த்து முத்திரை குத்தி அனுப்பிவிடுவார்கள். அந்த வருஷம் அவருக்கு முத்திரை குத்தவில்லை. வீட்டம்மாவை அழைத்து வா என்று அனுப்பிவிட்டார்கள்.

டாக்டர் வங்காளி, நரைத்த தலை. கையில் துணியைச் சுற்றிக் காற்று அடித்து அடித்து, பாதரசம் ஏறுகிறதைப் பார்த்தார். இன்னொரு தரம் அடித்தார். அப்புறம் என்னைப் பார்த்து ஒவ்வொரு விரலாக மடக்கினார்.

"நமக் பந்த். அச்சார் பந்த். சூக்கா மச்சி பந்த்."

உப்பு நிறுத்து, ஊறுகாய் நிறுத்து, கருவாடு நிறுத்து. எனக்கு நன்றாகவே புரிந்தது. புரியவில்லை என்று இன்றைக்கு நான் சாக்குச் சொல்ல முடியாது.

வெளியே வந்ததும் அவர் சிரித்தார். "ஏட்டி, உப்பளத்துக்காரி மகளைக் கட்டினவன்கிட்ட உப்பு தின்னாதேங்கான். இவனுக்கு நல்ல துணிச்சல்தான்."

"சிரிக்காதீக. பிடரி வலிக்குது, பிடரி வலிக்குதுன்னு ஆறு மாசமா சொன்னது ஆரு?"

"அது லாஞ்சு எஞ்சின் சத்தத்துல."

"இனிமே நான் போடுததைத் தின்னுங்க. உங்களை நான் பார்த்துக்கிடுதேன்."

ஊறுகாய் ஜாடியை மேலே ஏற்றினேன். கருவாட்டை அவர் தட்டில் வைக்கிறதை நிறுத்தினேன். இதெல்லாம் டாக்டர் சொன்னபடி செய்தேன். குழம்பு உப்பு விஷயத்தில் மட்டும், அது எனக்குத் தெரிந்த விஷயம் என்று நினைத்தேன். உப்பே இல்லாமல் சமைக்கச் சொல்கிறவர் உப்பைப் பற்றி என்ன அறிந்தவர்? நம் பக்கத்தில் பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியச் சோற்றில் வறுத்த உப்புதானே போடுகிறோம்? அவளுக்கு என்ன ஆகிறது? பச்சை உப்புதான் கெடுதி. கசப்பு அம்பாரத்தில் வடிகிற மாதிரி, மிச்சம் இருக்கிற கெட்டது நெருப்பில் போய்விடும். இப்படித்தான் என் புத்தி போயிற்று.

இரும்புச் சட்டியைக் காயவைத்து, ஊர் உப்பை இரண்டு கை அள்ளிப் போடுவேன். முதலில் ஈரம் புகையும். அப்புறம் பட்பட் என்று வெடிக்கும், சில கல் துள்ளி வெளியே விழும். ஒவ்வொரு வெடிக்கும், போ சனியனே, போ என்று மனசுக்குள் சொல்லுவேன். சத்தம் அடங்கி, மினுமினுப்புப் போய் வெள்ளையாக ஆனதும் இறக்கி உரலில் இடித்து, அவருக்கென்று தனிப் பாட்டிலில் போட்டு வைத்தேன். பிள்ளைகள் அதைத் தொட்டால் அடி விழும். அது அப்பாவின் மருந்து உப்பு.

கருவாடும் ஊறுகாயும் இல்லாமல் சாப்பிடுகிறாரே என்ற இரக்கத்தில் குழம்பில் அரைக் கரண்டி கூடவே போட்டேன். கெடுதி இல்லாத உப்புதானே?

4

இப்போது நாங்கள் டவுனை விட்டுத் தள்ளி, கராச்சர்மாவில் இருக்கிறோம். ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸை விட்டாகவேண்டும். மகள் ஜெசிந்தா வீட்டுக்குப் பக்கத்திலேயே இரண்டு அறை. மகன் விசாகப்பட்டினத்தில் ஒரு தெலுங்குப் பெண்ணைக் கட்டிக்கொண்டு இருக்கிறான். கடிதம் எழுதினால் பாதிக்கு மேல் இந்தி, அதையும் ஜெசிந்தாதான் படித்துச் சொல்லவேண்டும். பேரப்பிள்ளைகள் என்னிடம் தமிழில் ஆரம்பித்து இந்தியில் முடிப்பார்கள். கோபம் வராத வரைக்கும் தமிழ், கோபம் வந்தால் இந்தி.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லோரும் என் வீட்டில் சாப்பிடுவார்கள். போன வாரம் சின்னப் பேத்தி முதல் வாய் வைத்ததும் மூக்கைச் சுருக்கி, "நானி கா கானா ஃபீக்கா" என்றாள். ஆச்சி சமையல் சப்பென்று இருக்கிறதாம். ஜெசிந்தா அவள் தொடையில் கிள்ளினாள். நான் தடுத்தேன். பிள்ளை உண்மையைத்தானே சொல்கிறது? அந்தோணியம்மா சமையலைச் சப்பென்று சொல்ல ஒரு ஆள் பிறக்கும் என்று அந்தக் காலத்தில் யாராவது சொல்லியிருந்தால் அவர்களைக் கடலில் தள்ளியிருப்பேன்.

உப்பில்லாமலே ருசி வந்துவிடும் என்று உங்களுக்கு நான் பொய் சொல்ல மாட்டேன். வராது. எலுமிச்சம்பழம் பிழிந்து பார்க்கலாம், மிளகு கூட்டிப் பார்க்கலாம், மல்லியை வாசம் வர வறுத்துப் போடலாம். வேறு ஒரு ருசி வரும். நாக்கு இரண்டு மாசம் அழும், அப்புறம் பழகிவிடும். அவ்வளவுதான்.

5

மரைன் ஹில்லில் அந்த மருந்து உப்பு போட ஆரம்பித்து எட்டு மாசம் ஆயிற்று. ஒருநாள் காலையில் அவர் எழுந்து வந்தபோது கண்ணுக்குக் கீழே பை மாதிரி தொங்கியது. செருப்பு காலில் ஏறவில்லை. கணுக்காலில் விரலை வைத்து அமுக்கினேன். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. மாவில் அமுக்கின மாதிரி.

ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் பாதரசத்தைப் பார்த்துவிட்டு மேஜையைத் தட்டினார். "நமக் காத்தா ஹை!" இவன் உப்பு தின்கிறான் என்று. அவரை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு, என்னிடம் பேச நர்ஸைக் கூப்பிட்டார். ஏலியாம்மா என்று ஒரு மலையாளத்துப் பெண். எல்லோரும் சிஸ்டர் என்போம். அவள் தமிழும் பேசுவாள், தன் பாஷை கலந்து.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "சிஸ்டர், உங்க டாக்டர்கிட்ட சொல்லுங்க. எட்டு மாசமா ஒரு கல் பச்சை உப்பு அவுக வாய்க்குள்ள போகலை. நான் உப்பளத்துல பிறந்தவ. எனக்கு யாரும் உப்பு பத்திச் சொல்லித்தர வேண்டாம். வறுத்த உப்பு மட்டும்தான் போடுதேன்."

அவள் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினாள். "வறுத்த உப்போ?"

"ஆமா. சட்டியில போட்டு, வெடிச்சு அடங்குத வரைக்கும்."

"சேச்சி, வறுத்த பின்னே நாக்குல வச்சு நோக்கியோ?"

"பார்க்காம இருப்பேனா?"

"கரிச்சதோ, இல்லையோ?"

"உப்புன்னா கரிக்காதா?"

"கரிப்பு போகலைன்னா, பின்னே எந்தா போயது?"

  "ஈரம்" என்றேன். எனக்கே சின்னக் குரலில்தான் கேட்டது.

"ஈரம் மாத்திரம்தான் போயது சேச்சி. உப்பு முழுசா அவருக்குள்ள போயி."

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை திருப்பிச் சொல்லியிருப்பேன். கையைப் பிடித்துப் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போனாள். அவருடைய சிறுநீரை ஒரு மெலிந்த கண்ணாடிக் குழாயில் ஊற்றி, ஸ்பிரிட் விளக்கில் குழாயின் மேல் பாதியை மட்டும் சூடு காட்டினாள். கொதி வந்தது. கீழ்ப் பாதி தெளிவாகவே இருந்தது. மேல் பாதி வெளுத்துக்கொண்டே வந்து, கொதிநீரில் முட்டை உடைத்து ஊற்றினால் திரளுமே, அப்படித் திரண்டது. ஏதோ புளிப்புத் தண்ணீர் இரண்டு சொட்டு விட்டாள். அப்போதும் கரையவில்லை.

"இது முட்டையில உள்ள வெள்ளை மாதிரி ஒரு சாமான். ரத்தத்துல இருக்கணும். மூத்திரத்துல வரக்கூடாது" என்றாள். அப்புறம் நிதானமாகச் சொன்னாள். உப்பு உடம்புக்குள் தண்ணீரைப் பிடித்து வைக்கும். தண்ணீர் கூடினால் ரத்தம் குழாயை முட்டும், அதுதான் பிரஷர். வயிற்றுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் இருக்கிற கிட்னிதான் ரத்தத்தை வடிகட்டுகிற சல்லடை. ரொம்ப மெல்லிசான சல்லடை. ராவும் பகலும் அழுத்தி முட்டினால் அதன் கண் கிழியும். கிழிந்தால் நிற்கவேண்டியது வெளியே போகும், போகவேண்டியது உள்ளே நிற்கும்.

மழை வெள்ளம் முட்டினால் உப்பளத்து வரப்பு எப்படிக் கரையும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"கிழிஞ்சது தைச்சுக்கிடுமா சிஸ்டர்?"

"கிழிஞ்சது கிழிஞ்சது. மிச்சம் உள்ளதைக் காப்பாத்தலாம். நீங்க நினைச்சா."

வெளியே அவர் பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்தவனிடம் காற்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். என்ன சொன்னாங்க என்று கேட்டார். "இன்னும் கொஞ்சம் குறைக்கணுமாம்" என்றேன். அதற்கு மேல் சொல்ல வரவில்லை. நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்ன அதே வாய்.

வீட்டுக்கு வந்து அந்தப் பாட்டிலைக் கவிழ்த்து வாசல் சாக்கடையில் கொட்டினேன். கருவாட்டுப் பானையைத் தெலுங்கு வீட்டுக்குக் கொடுத்தேன். அன்றையிலிருந்து எல்லோருக்கும் ஒரே பானை, உப்பு இல்லாமல். பிள்ளைகள் கத்தினார்கள். அவர்கள் தட்டில் மட்டும் கொஞ்சம் தூவிக்கொடுத்தேன். எனக்குத் தூவிக்கொள்ளவில்லை. அவர் முதல் நாள் மட்டும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அப்புறம் குனிந்து சாப்பிட்டார்.

6

இரண்டு மாசம் கழித்துப் போனோம். முகத்தில் வீக்கம் கொஞ்சம் வடிந்திருந்தது. அதனால் நம்பிக்கையோடு அந்த அறைக்குள் போனேன். சிஸ்டர் குழாயைச் சூடு காட்டினாள். மேல் பாதி மறுபடியும் வெளுத்தது. முன்னைக்குச் சற்றே குறைவு, அவ்வளவுதான்.

"சேச்சி?" என்று என்னைப் பார்த்தாள்.

"மாதா மேல ஆணை. நான் போடலை."

"பின்னே வேற யாரோ போடுது."

வேறு யார்? பகல் சாப்பாடு அவருக்கு லாஞ்சில். பாராடாங் தீவுப் பக்கம் போனால் இரண்டு நாள், மூன்று நாள் கூட ஆகும். கூட வேலை செய்கிறவர்கள் அங்கேயே ஸ்டவ்வில் சோறு வடிப்பார்கள். கருவாடு சுட்டுத் தின்கிறார் என்று முடிவுகட்டினேன். வீட்டில் கேட்டால் சத்தியம் செய்வார். அதனால் லாஞ்சு படகுத்துறையில் நிற்கிற ஒரு நாளாகப் பார்த்து, மத்தியானம் சோறு பொங்குகிற நேரத்துக்கு மலையிறங்கிப் போனேன்.

லாஞ்சின் பின்பக்கத்தில் ஸ்டவ் எரிந்துகொண்டிருந்தது. எஞ்சின்காரர் அப்பாராவ் என்னைப் பார்த்துவிட்டார். "சுக்கானி அண்ணா! அக்கா வந்தாச்சு. இன்ஸ்பெக்சன்!" என்று சிரித்தார். எங்கள் வீட்டுக்காரர் அது காதில் விழாமல், லாஞ்சு ஓரத்தில் குனிந்து, கையிலிருந்த செம்பைக் கடலில் முக்கி எடுத்தார். நேரே கொண்டுவந்து சோற்றுப் பானையில் ஊற்றினார்.

"இஞ்சேருங்க. அது என்ன தண்ணி?"

திரும்பினார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "நீ எங்க வந்தே? கடல் தண்ணிதான். நாலு செம்பு நல்ல தண்ணிக்கு ஒரு செம்பு. டிரம்முல நல்ல தண்ணி கொஞ்சந்தான் ஏத்துதாங்க."

"உப்பு கூடாதுன்னு சொன்னேனா இல்லியா?"

"உப்பு எங்க போட்டேன்? உப்பு டப்பாவை அன்னைக்கே தூக்கிக் கடல்ல வீசிட்டேன். கருவாட்டைக் கண்ணால பார்க்கலை. வேணும்னா அப்பாராவ்கிட்ட கேளு."

"ஆமா அக்கா, வீசிட்டாரு" என்றார் அப்பாராவ். "எங்க உப்பையும் சேர்த்து வீசிட்டாரு. இப்போ சோத்துக்கு இந்தச் செம்பு மட்டுந்தான்."

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "உப்பைக் கடல்ல வீசிட்டு, கடலை அள்ளிப் பானைக்குள்ள ஊத்துதீகளே! தோணியில எத்தனை மூடை உப்பு ஏத்தினீக? அது என்ன ஆகாசத்துல இருந்தா விழுந்துச்சு? எங்க அப்பன் சாகுத வரைக்கும் பாத்தியில என்னத்தை வாரினான்? இந்தத் தண்ணியைத்தானே!"

 அப்பாராவ்கூடச் சிரிக்கவில்லை. எங்கள் வீட்டுக்காரர் கையிலிருந்த செம்பைப் பார்த்தார், பானையைப் பார்த்தார், கடலைப் பார்த்தார். அப்படியே பலகையில் உட்கார்ந்துவிட்டார். தோணியில் புயலுக்குப் பயப்படாதவர். தப்புச் செய்துவிட்டு ஆசிரியர் முன்னால் நிற்கிற பிள்ளையின் முகம் மாதிரி இருந்தது.

"எனக்குத் தோணவே இல்லை அந்தோணி" என்றார். "பிறந்ததுல இருந்து இப்படித்தானே பொங்குதோம்."

அன்றைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு என்னோடு மலையேறினார். முன்பெல்லாம் அந்த ஏற்றத்தை பீடி அணையுமுன் ஏறிவிடுவார். அன்றைக்கு ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கினார். நிற்கிறபோதெல்லாம், "நானே என் குடியைக் கெடுத்துக்கிட்டேன்" என்றார். "நீ இவ்வளவு பாடுபட்டு உப்பில்லாம ஆக்கிப் போட்டே. நான் பாவி" என்றார்.

முதல் திருப்பத்தில் பேசாமல் நின்றேன். இரண்டாவது திருப்பத்திலும் பேசாமல் நின்றேன். பேசாமல் இருந்தால் பழி முழுக்க அவர் தலையோடு போய்விடும். என் பெயர் அப்படியே நிற்கும். சிஸ்டர் ஒருத்திக்குத்தான் தெரியும், அவள் சொல்லமாட்டாள். இதை இன்றைக்கு எழுதவும் கை கூசுகிறது. ஆனால் அப்படியும் நினைத்தேன்.

மூன்றாவது திருப்பத்தில் அவர் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றபோது சொல்லிவிட்டேன். வறுத்த உப்பும் உப்புதானாம், எட்டு மாசம் நான்தான் போட்டேன், கூட அரைக் கரண்டியும் போட்டேன், உங்கள் சல்லடையை முதலில் கிழித்தது நான்தான் என்று.

 அவர் கீழே துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். 

"அதான் பார்த்தேன்" என்றார் கடைசியில். "அந்த எட்டு மாசமும் குழம்பு அப்படி ருசியா இருந்துச்சு."

நான் அழுதேன். அவர் தலைத்துண்டை எடுத்துக் கொடுத்தார். அதில் டீசல் நாற்றம்.

7

டாக்டர் அவரை லாஞ்சிலிருந்து இறக்கிவிட்டார். லேசான வேலைக்கு மனுப் போடவேண்டும். ஆபீஸ் கிளார்க் நோயின் பெயர் என்ன என்று கேட்டார். ஆஸ்பத்திரிச் சீட்டில் இருப்பதை யாராலும் படிக்க முடியவில்லை. மூன்று தடவை மலையேறி இறங்கி, கடைசியில் சிஸ்டரே எழுதிக் கொடுத்தாள். கயிறும் சங்கிலியும் வைத்திருக்கிற ஸ்டோரில் உட்காரவைத்தார்கள். கடல்காரனைக் கயிற்றோடு கட்டிவைத்தது மாதிரிதான். ஆனால் மத்தியானச் சாப்பாடு என் கையால் போயிற்று. ஒரு செம்பு தண்ணீரும் வேறு ஆள் ஊற்றவில்லை.

மூன்று மாசம் கழித்துக் குழாயைப் பார்த்தபோது மேல் பாதி கழுநீர் நிறத்தில் இருந்தது. ஆறு மாசம் கழித்து அதையும்விட மெலிசு. ஒரு வருஷம் கழித்து, மேல் பாதிக்கும் கீழ்ப் பாதிக்கும் வித்தியாசம் தெரிய ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கவேண்டியிருந்தது. சாம்பிராணி அணைந்த பிறகு அறையில் கொஞ்சம் தங்குமே, அந்த அளவுக்குப் புகை. சிஸ்டர் சொன்னாள், இது இனிமேல் போகாது சேச்சி, கூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. பாதரசமும் இறங்கி ஒரு இடத்தில் நின்றது. டாக்டர் கொடுத்த சின்ன வெள்ளை மாத்திரையை அவர் இன்றைக்கும் விடவில்லை.

ஏலியாம்மா சிஸ்டர் மாற்றலாகி மெயின்லேண்டுக்குப் போய் எத்தனையோ வருஷம் ஆகிறது. நாங்கள் மட்டும் கராச்சர்மாவிலிருந்து பஸ் ஏறி மாசம் ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். நேற்றும் போனோம். புதுசாக வந்திருக்கிற பெண், பாட்டி நீங்கள் ஏன் பார்க்கவேண்டும், நான் எழுதித் தருகிறேன் என்றாள். எழுதினதைப் படிக்க எனக்கு நேரமாகும், குழாயைக் கொடு என்று வாங்கி ஜன்னலுக்கு நேரே பிடித்தேன். புகை இருந்தது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

வெளியே வந்தேன். அவர் பெஞ்சில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

"அப்படியேதான் இருக்கு" என்றேன். "நான் வச்ச புகை."

"பாதிதான் நீ வச்சது" என்றார், கண்ணைத் திறக்காமலே. "மீதி என்னோடது. அதையும் சேர்த்து நீயே எடுத்துக்கிடாதே. கையைக் கொடு, எந்திரிக்கணும். பஸ் வந்துரும்."